பச்சை உடம்புக்காரியின் மனம்: ஓர் இளம் தகப்பனின் கேள்விக்கு விரிவான பதில்

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்ற அவருடைய மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. குழந்தை நலமாக இருக்கிறது. தாய்க்கோ மூன்று வாரங்களுக்கும் மேலாகச் சரியான தூக்கமில்லை. குழந்தை உறங்கும் நேரத்திலும் விழித்தே கிடக்கிறார். காரணம் சொல்லத் தெரியாமல் அழுகிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், 'நான் இல்லாவிட்டால்தான் இந்தப் பிள்ளை நன்றாக வளரும்' என்று சொல்லியிருக்கிறார். பெரியவர்களோ, 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும், மூன்றாம் மாதம் அழைத்துப்போனால் சரியாகிவிடும்' என்கிறார்கள். இது நோய்தானா, மருத்துவரிடம் காட்ட வேண்டுமா, மருந்து சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்குமா, மூன்றாம் மாதம் அழைத்து வரலாமா என்று அவர் கேட்கிறார்.

தம்பி, மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி சொன்ன அந்த வாக்கியத்துக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். 'நான் இல்லாவிட்டால்' என்று பிள்ளை பெற்ற ஒரு தாய் சொல்வதைச் சலிப்பில் வந்த பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மகப்பேறு வார்டில் மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இன்றிரவே பேருந்து ஏறுங்கள். நேரில் போய், மற்றவர்கள் இல்லாத நேரத்தில், அருகில் உட்கார்ந்து, 'உனக்குச் செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. பல வாரங்களாகத் தனியாகச் சுமந்த ஒன்றை யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதல்தான் பெரும்பாலான பெண்களுக்கு ஏற்படுகிறது. அவர் 'ஆம்' என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். 'இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது' என்று கடிந்துகொள்ளாதீர்கள். அன்று முதல் அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 'இல்லை' என்றாலும் அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். பேருந்தில் போகும்போதே 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய, டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108 இருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியேறியதும், கர்ப்ப காலம் முழுவதும் உச்சத்தில் இருந்த ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் ஓரிரு நாள்களில் மளமளவென்று சரிகின்றன. பால் கட்டுவது, தையல் வலி, தூக்கக் குறைவு ஆகியவையும் சேர, மூன்றாம் நாள் தொடங்கி அழுகையும் எரிச்சலும் வருவது மிகச் சாதாரணம்; தாய்மார்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வருகிறது. நல்ல உணவும் ஓய்வும் ஆதரவான சொல்லும் கிடைத்தால் இரண்டு வாரங்களுக்குள் தானாகவே வடிந்துவிடும். 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்பது இந்த இரண்டு வாரங்களுக்குச் சரி. ஏழாவது வாரத்துக்குச் சரியல்ல. இரண்டு வாரங்களைத் தாண்டியும் நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்றவுணர்வு, பசியின்மை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை ஆகியவை பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். இவற்றில் கடைசி அடையாளத்தை நான் மிகவும் கவனித்துக் கேட்பேன். குழந்தை எழுப்புவதால் தூங்க முடியாத தாய், யாராவது குழந்தையை வாங்கிக்கொண்டால் உடனே தூங்கிவிடுவார். மனச்சோர்வில் இருப்பவருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தாலும் தூக்கம் வராது. உங்கள் மனைவிக்கு நோய் இருக்கிறதா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவரே உறுதி செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த எவரும் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

இது அபூர்வமான நோயும் அல்ல. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2017-இல் வெளியான கணக்கீட்டின்படி, பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருக்கிறது. ஆனால் நம் ஊருக்கு நெருக்கமான ஆய்வு ஒன்றைத்தான் நான் இளம் தம்பதியரிடம் எப்போதும் சொல்வேன். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நிறைமாதத்தை நெருங்கிய 359 பெண்களைச் சந்தித்து, அவர்களில் 301 பேரைப் பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் சந்தித்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் மட்டும் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது என்பதையும் அவர்கள் கண்டறிந்தார்கள்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வு, உடலுழைப்பில் கைகொடுக்க ஆளில்லாமை. இந்த வரிசையை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வருமானத்தையும் நடந்துபோன துயரத்தையும் விட்டுவிட்டால், மற்றவை எல்லாமே வீட்டுக்குள் இருப்பவை, வீட்டிலிருப்பவர்களால் மாற்றக்கூடியவை. குடும்பத்தின் மீது பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லாரும் தாங்கிய வீடுகளிலும் இந்த நோய் வருவதைப் பார்த்திருக்கிறேன். முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனாலும் மருந்துச் சீட்டில் எழுத முடியாத சிகிச்சையின் ஒரு பகுதி உங்கள் கையிலும் உங்கள் தாய், மாமியார் கையிலும் இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பேறுகால வழக்கங்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. தாய்வீட்டில் இருக்க விடுவது, நாற்பது நாள் அடுப்படிக்கு அனுப்பாதது, எண்ணெய் தேய்த்துச் சுடுநீர் ஊற்றுவது, லேகியம் கொடுப்பது என்று பெற்றவளின் உடம்பைத் தாங்குவதற்கு ஓர் ஏற்பாட்டையே நம் முன்னோர் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் அவளுடைய மனத்தை விசாரிக்க ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. பார்க்க வருகிறவர்கள் குழந்தையின் எடையையும் நிறத்தையும் கேட்கிறார்கள், பால் போதுமா என்று கேட்கிறார்கள், பெண் பிள்ளை என்றதும் 'பரவாயில்லை, அடுத்தது பையன்' என்று ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு போகிறார்கள். அந்த 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லை நினைத்து நினைத்து அழுத பெண்களை நான் அறிவேன். உங்கள் மகளைப் பற்றி அந்த வீட்டில் யார் அப்படிப் பேசினாலும், உங்கள் மனைவியின் காதில் விழும்படி, 'எனக்கு இவள் பிறந்ததில் நிறைந்த சந்தோஷம்' என்று நீங்கள் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும்போது சொல்வது போதாது.

இந்த நோய் பற்றிப் பேசும்போது தவறாமல் சொல்ல வேண்டிய இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, குழந்தை கைதவறி விழுந்துவிடுமோ, தானே ஏதாவது செய்துவிடுவோமோ என்பது போன்ற கொடூரமான காட்சிகள் விரும்பாமலே மனத்தில் வந்து போவது. புதுத் தாய்மார்களில் மிகப் பலருக்கு இவை வருகின்றன. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள். அந்த எண்ணத்தைக் கண்டு அவர் நடுங்குகிறார், அதற்காகவே குழந்தையைத் தூக்கவும் அஞ்சுகிறார் என்றால், அது பதற்றத்தின் விளைவு. அவர் அதைச் செய்ய விரும்புகிறார் என்று பொருளல்ல. சிகிச்சையால் குறையக்கூடியது. மற்றொன்று முற்றிலும் வேறானது: ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், திடீரென்று தொடங்கும் பிரசவகால மனப்பிறழ்வு. நாள்கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தை தெய்வம் என்றோ பேய் என்றோ உறுதியாக நம்புவது, ஆளையும் இடத்தையும் குழப்பிக்கொள்வது ஆகியவை இதன் அறிகுறிகள். பாட்டிமார்கள் 'பிரசவ ஜன்னி' என்று சொன்னவற்றில் இதுவும் கலந்திருந்தது, கிருமித் தொற்றால் வந்த காய்ச்சல் பிதற்றலும் கலந்திருந்தது. இரண்டுமே உயிர் போகக்கூடிய அவசர நிலைகள். மந்திரிக்கவோ வேப்பிலை அடிக்கவோ நேரம் செலவிடாமல் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியவை. அளவு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் முன்பே இருந்த பெண்ணுக்கு இந்த ஆபத்துப் பல மடங்கு அதிகம் என்பதால், கர்ப்பம் தரித்த உடனேயே மனநல மருத்துவரிடம் சொல்லித் திட்டமிட வேண்டும். மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிப் பிரிவிலும் மனநல மருத்துவரைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். எடின்பரோ வினாத்தாள் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுக்கக்கூடும். 1987-இல் உருவாக்கப்பட்ட அந்தப் படிவம், கடந்த ஏழு நாள்களில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும். தமிழிலும் அது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பத்தாவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மற்ற ஒன்பதுக்கும் குறைந்த மதிப்பெண் வந்தாலும், அந்த ஒன்றுக்கு 'இல்லை' என்ற விடை வராவிட்டால் மருத்துவர் உடனே கவனிப்பார். இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யும்படி நீங்களே கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படுவது அரிதல்ல. அதன் சோர்வும் படபடப்பும் மனச்சோர்வைப் போலவே தோன்றும்.

நோய் லேசாக இருந்தால் பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். அதற்குப் பெரிய நகரமும் பெரிய பட்டமும் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், பள்ளிப்படிப்பு முடித்த பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிரசவத்துக்கு முந்தைய மாதத்தில் தொடங்கிப் பல மாதங்கள் தொடர்ந்த அந்தச் சந்திப்புகளில், தாயின் அவநம்பிக்கை எண்ணங்களை இனங்கண்டு மாற்றவும், குழந்தையோடு விளையாடவும், வீட்டாரைத் துணைக்கு அழைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இந்தத் துணை கிடைத்தவர்களில் 23 சதவீதத்தினருக்கே மனச்சோர்வு நீடித்தது. கிடைக்காதவர்களில் அது 53 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் பின்னர் இந்த முறையையே கைநூலாக வெளியிட்டது. நம்முடைய கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார். அவர் கையில் தடுப்பூசி அட்டையோடு இந்தப் பயிற்சியும் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரை, அடுத்த முறை அவர் வரும்போது, குழந்தையை எடை பார்த்த பிறகு தாயிடமும் ஐந்து நிமிடம் பேசச் சொல்லி நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

மிதமாகவோ கடுமையாகவோ இருந்தால் மருந்து தேவைப்படும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு, பெரும்பாலான மனச்சோர்வு மருந்துகளுக்கு நிறுத்த வேண்டியதில்லை என்பதே விடை. பாலூட்டும் தாய்க்கு மருத்துவர்கள் முதலில் எண்ணிப் பார்க்கும் செர்ட்ராலின் என்ற மருந்து பாலில் மிகச் சொற்ப அளவே கலக்கிறது. எல்லா மருந்தும் அப்படியல்ல. இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் போன்றவற்றுக்குத் தனிக் கண்காணிப்பு வேண்டும். ஆகவே பாலூட்டுகிறார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், குழந்தை குறைமாதமாகப் பிறந்ததா, எடை ஏறுகிறதா என்பதையும் சொல்லுங்கள். மருந்து பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்தில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவதும், மனம் தெளிந்துவிட்டது என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிடுவதும் நான் அதிகம் கண்ட தவறுகள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடரச் சொல்வார்கள். பால் கொடுப்பதே ஒரு தாய்க்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்து, அவர் நிறுத்த விரும்பினால், அதையும் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். அதற்காக அவர் குறைந்த தாயாகிவிட மாட்டார்.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் உங்கள் மனைவிக்கு இருக்கக்கூடும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டுமே தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூரிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் தனிப் பிரிவு 2009-இலிருந்து இயங்குகிறது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவற்றில் எல்லாவற்றுக்கும் முதலில் நான் வைப்பது தூக்கம். ஓர் இரவில் தொடர்ந்து நான்கு ஐந்து மணி நேரம் யாரும் எழுப்பாமல் உங்கள் மனைவி படுத்திருக்க வழி செய்யுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பாலூட்டிவிட்டு அவர் வேறு அறையில் படுக்கட்டும். பசிக்கும்போது பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் புகட்டுவது, துணி மாற்றுவது, தூளி ஆட்டுவது ஆகியவற்றை இரவு இரண்டு மணி வரை நீங்களோ அவருடைய தாயோ பார்த்துக்கொள்ளலாம். மார்பு கட்டி வலித்தால் மட்டும் அவர் எழுந்துகொள்ளட்டும். 'ஏதாவது உதவி வேண்டுமா?' என்று அவரிடம் கேட்காதீர்கள். மனச்சோர்வில் இருப்பவர் 'வேண்டாம்' என்றுதான் சொல்வார். நீங்களாகவே எடுத்துச் செய்யுங்கள். 'சந்தோஷமாக இருக்கப் பார்' என்ற அறிவுரையும் வேண்டாம், 'எங்கள் காலத்தில் வயலுக்குப் போய்க்கொண்டே பெற்றோம்' என்ற ஒப்பீடும் வேண்டாம். 'உனக்கு உடம்பு சரியில்லை, இது குணமாகிற நோய், குணமாகிறவரை நான் கூட இருக்கிறேன்' என்று சொல்வதுதான் அவருக்கு வேண்டியிருக்கிறது.

நீங்களே தூங்கவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தகப்பன்மாரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருவதும், மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அது அதிகமாக இருப்பதும் தெரியவந்திருக்கிறது. ஆண்களிடம் அது அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவும், குடியாகவும், வீட்டுக்கு வரப் பிடிக்காமல் கூடுதல் நேரம் வேலை பார்ப்பதாகவும் வெளிப்படுவது உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு இருக்கிறது. உங்களைப் போன்ற தனியார் தொழிலாளிக்குச் சட்டப்படி எதுவும் இல்லை என்பது பெரிய குறை. ஆனாலும் மேலாளரிடம் 'மனைவிக்கு உடல்நிலை சரியில்லை' என்று சொல்லி, சில நாள்களாவது விடுப்புக் கேட்டுப் பாருங்கள். அது பொய்யல்ல.

கடைசியாக, மூன்றாம் மாதம் அழைத்து வருவது பற்றி. இதை நானோ பெரியவர்களோ நாள் குறித்துச் சொல்லக் கூடாது. திருப்பூரில் நீங்கள் பன்னிரண்டு மணி நேரம் வேலைக்குப் போய்விட, பூட்டிய வாடகை வீட்டில் அவரும் குழந்தையும் மட்டும் இருப்பார்கள் என்றால், இப்போதைக்கு அது வேண்டாம். உங்கள் அம்மா உடன் வந்து தங்குவதாக இருந்தால், அது உங்கள் மனைவிக்கு ஆறுதலா பாரமா என்று அவரிடமே கேளுங்கள். சிலருக்குத் தாய்வீடே மூச்சுமுட்டுவதாக இருக்கும். கணவனோடு இருந்தால்தான் தேறுவார்கள். எங்கே இருந்தாலும் மருத்துவரைத் தொடர்ந்து பார்க்க முடியுமா, இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொரு கை இருக்கிறதா என்ற இரண்டையும் உறுதி செய்துகொண்டு, பிறகு நாள் பாருங்கள். அவர் 'இன்னும் ஒரு மாதம் போகட்டும்' என்றால், பெரியவர்களிடம் அதை அவர் பெயரில் சொல்லாமல், 'நான்தான் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன்' என்று சொல்லிவிடுங்கள்.